அமிர்தாவின் மூன்றாவது இன்டர்கூலர்

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று அமிர்தாவின் காரை முந்திக்கொண்டு போனது.

அமிர்தா ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தாள். கார் உறுமியது. உறுமியதோடு சரி. முன்கண்ணாடியில் வைக்கோல் துரும்புகள் வந்து ஒட்டின.

"டர்போ வண்டிங்க இது!" என்றாள் பக்கத்தில் இருந்த கணவனிடம். "வைக்கோல் லாரி ஓவர்டேக் பண்ணிகினு போவுது, பாருங்க!"

சக்கரவர்த்தி பார்க்கவில்லை. வாயை லேசாகத் திறந்து, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தான்.

போன தீபாவளி வரைக்கும் இந்தக் காரில் அவன் கண்ணை மூடியதே இல்லை. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜைனர்களின் ணமோகார மந்திரத்தை முணுமுணுத்தபடி வருவான். பெரணமல்லூர் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிற ஆசிரியர். போர்களைப் பற்றிப் பேசும்போதுகூடக் குரலை உயர்த்தாதவன்.

அமிர்தா வேறு ரகம். ஆரணியில் பட்டுப்புடவைகளை மொத்தமாக எடுத்து, வேலூர் கடைகளுக்கும் சுற்றுப்பட்டுக் கல்யாண வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவள். பாதி நாள் சாலையில்தான். கார் வாங்கும்போது ஊரே சொன்னது, சாமான் ஏற்ற வசதியாக ஒரு வேன் எடு என்று. அவள் டர்போ பெட்ரோல் கார் எடுத்தாள், அதுவும் சிவப்பில்.

லாரிக்குப் பின்னால் ஒரு பெரிய டீசல் வண்டி வந்தது. அதுவும் முந்தியது. முந்தும்போது ஜன்னல் கண்ணாடி இறங்கி, உள்ளேயிருந்து ஒரு கை டாட்டா காட்டியது.

அந்தக் கை ஹேமசந்திரனுடையது. சக்கரவர்த்தியின் அக்கா கணவர்.

சேத்துப்பட்டு டீக்கடையில் அவர் காத்திருந்தார். பாதி டீ குடித்து முடித்திருந்தார்.

"வாம்மா அமிர்தா. வழியில பஞ்சரா?"

"இல்லைங்கண்ணா."

"பின்ன?"

"வண்டி கொஞ்சம் இழுக்க மாட்டேங்குது."

"வண்டி மேல ஏன் பழி போடற? லேடீஸ் ஓட்டினா அப்படித்தான் இருக்கும்." அவர் சிரித்தார். "ஒண்ணு செய். வண்டிய எனக்குக் குடுத்துடு. நம்ம பொண்ணு பவித்ரா டிரைவிங் கத்துக்கினு இருக்கா. இந்த ஸ்பீடு அவளுக்குக் கரெக்டா இருக்கும்."

அமிர்தா டீ டம்ளரை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் மேல்சித்தாமூர் மடத்துத் தேருக்கு எல்லாரும் போறோம் இல்லைங்களாண்ணா?"

"ஆமா. நம்ம ஜனம் மொத்தமும் அங்கதான இருக்கும்."

"ஆரணியில ஒண்ணா கிளம்புவோம். உங்களுக்கு முன்னாடி நான் மடத்து வாசல்ல நிப்பேன். நிக்கலைன்னா, சாவிய பவித்ரா கையில நானே குடுக்கறேன்."

"அமிர்தா…" என்றான் சக்கரவர்த்தி. அப்போதுதான் அவனுக்கு முழுதாகத் தூக்கம் கலைந்தது.

"நீங்க சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான்.

ஆரணி ஆற்காடு சாலையில் கார் பட்டறை வைத்திருக்கும் வேடியப்பன் பானெட்டைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், டர்போ இன்னா பண்ணுது? காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. அமுக்கினா காத்து சூடாவும். சூட்டுக் காத்துல பவர் இல்லை. அதைக் கூல் பண்றதுக்குத்தான் இது." விரலால் ஒரு சின்ன அலுமினிய வலைப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இன்டர்கூலர். இது இத்துனூண்டு இருக்குது. நம்ம ஊர் வெயிலுக்கு இது எந்த மூலைக்கு?"

"பெருசு போட்டா?"

"வண்டி பறக்கும்."

வேடியப்பன் பின்பக்கம் போய், ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றியதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். பூஜையறைக் கதவு அளவுக்கு இருந்தது.

"இது காருக்குள்ள போவுமா?"

"கார்தான் மேடம் இதுக்கு ஏத்த மாதிரி போவணும்."

பம்பரை அறுத்தார்கள். கார் பல்லைக் காட்டிச் சிரிப்பது மாதிரி ஆகிவிட்டது. கல்யாணப் புடவை பார்க்க வந்த ஒரு மாமி, "கொசு வலையாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

ஆனால் இழுவை? முன்பு வைக்கோல் லாரி முந்தியது. இப்போது ஷேர் ஆட்டோ முந்தியது. மிதித்தால் கார் கொஞ்ச நேரம் யோசித்தது. யோசித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தது. அந்தப் பெரிய வலை ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறித்துக்கொண்டதால் இன்ஜின் சூடு முள் மேலே ஏறியது. ஏசியில் வெந்நீர் ஆவி மாதிரிக் காற்று வந்தது.

"வித்துடலாமா அமிர்தா?" என்றான் சக்கரவர்த்தி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "மாமா பாவம், ஆசையா கேக்கறாரு."

"பவித்ராவுக்கு வேணும்னா நான் டிரைவிங் சொல்லித்தரேன். வண்டி தரமாட்டேன்."

வேடியப்பன் தானே ஓட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சைஸு கொஞ்சம் ஓவராப் பூடுச்சு மேடம். உள்ள ரொம்ப எடம் இருக்குது. டர்போ அத்தனையும் ரொப்பினாத்தான் இன்ஜினுக்குக் காத்து போவும். அதான் லேட்டாவுது. மீடியம் சைஸ் போட்டுப் பாக்கலாம்."

இரண்டாவதாக வந்தது அகலத்தில் குறைந்தது, தடிமனில் கூடியது. அதற்கான குழாய் இன்ஜினைச் சுற்றி, பேட்டரியைச் சுற்றி, எங்கெங்கோ போய்வந்து சேர்ந்தது. இடையிடையே ரப்பர் இணைப்புகள்.

சூடு குறைந்தது. இழுவை இன்னும் குறைந்தது.

வெம்பாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப்புடவை கொண்டுபோன அன்று, பந்தலுக்குப் பக்கத்தில் வந்ததும் அமிர்தா கோபத்தில் ஒரு மிதி மிதித்தாள். ரப்பர் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. டமார் என்று ஒரு சத்தம்.

பந்தலுக்குள் இருந்தவர்கள் அதை மாப்பிள்ளை வீட்டார் வரும்போது போடுகிற வெடி என்று நினைத்துவிட்டார்கள். நாதஸ்வரம் பொங்கி எழுந்தது. நாலைந்து பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்கள். புகை நடுவே நின்ற சிவப்புக் காரைப் பார்த்ததும், யார் எவர் என்று கேட்காமல் மூன்று முறை சுற்றினார்கள்.

அமிர்தா இறங்கினாள். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்றார் ஒரு பெரியவர்.

"வந்துகினு இருப்பாரு. அதுக்குள்ள அந்தப் புடவைப் பெட்டிய உள்ள எடுத்துக்கினு போங்க. அப்புறம் ரெண்டு பேர் வந்து வண்டியத் தள்ளுங்க."

மாப்பிள்ளை வந்தபோது வாசலில் ஆரத்தி தீர்ந்துபோயிருந்தது.

செய்தி சேத்துப்பட்டுக்கு அன்று மாலையே போய்விட்டது. ஹேமசந்திரன் போன் செய்தார்.

"பவித்ரா கீ செயின் வாங்கிட்டாம்மா. யானை பொம்மை போட்டது."

"பத்திரமா வைக்கச் சொல்லுங்கண்ணா. உங்க வண்டிச் சாவிக்கு ஆவும்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கியது. இந்தக் கார் அவள் சம்பாத்தியத்தில் அவளே தேர்ந்தெடுத்தது. வேறு எதையும் அவள் அப்படித் தனியாகத் தேர்ந்தெடுத்ததில்லை. கல்யாணத்துக்குப் புடவைகூட மாமியார்தான் எடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல்கடையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, நவுருங்க."

"மேடம், இன்னா பண்றீங்க?"

"அளவெடுக்கறேன்."

"இதுக்கெல்லாம் அனுபவம் வேணும் மேடம்."

"உங்க அனுபவத்துல ரெண்டு ஆச்சு. ஏண்ணே, எந்த டெய்லராச்சும் பெரிய ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்டுன்னு தைப்பாரா? ஆளுக்குத்தான அளவு?"

வேடியப்பன் நகர்ந்து இடம் விட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ரேஸ் ஓட்டப் போறதில்லை. ஆரணிலேர்ந்து வேலூர், ஆரணிலேர்ந்து செய்யாறு. டவுன்ல நின்னு நின்னு போவணும், ரோட்டுல ஒரு லாரிய முந்தணும். அவ்வளவுதான். இந்த இன்ஜின் எவ்வளவு காத்து இழுக்குதோ அதுக்கு ஏத்தது போதும். பம்பருக்குள்ளயே அடங்கணும். ரேடியேட்டர மறைக்கக்கூடாது. குழாய் குட்டையா இருக்கணும். உள்ள ரொம்ப நெருக்கமா இருந்தா காத்துக்கு மூச்சு முட்டும், ரொம்ப லூசா இருந்தா கூலாவாது. ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"கம்பெனி வச்சதவிட எவ்வளவு பெருசு?"

"கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுக்கா இவ்வளவு பேஜாரு?"

"ஆமா. ஜல்தியா ஆர்டர் போடுங்க."

மூன்றாவது சென்னையிலிருந்து வந்தது. உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. புது பம்பர் மாட்டியதும், அப்படி ஒன்று இருப்பதே வெளியே தெரியவில்லை. சூடு முள் அசையவில்லை. ஏசி பல்லைக் கிட்டிக்க வைத்தது. வேடியப்பன் பானெட்டை மூடிவிட்டு, "ஒத்துக்கறேன் மேடம். அளவுன்னா இதான் அளவு" என்றார்.

எல்லாம் சரியாக இருந்தது. கார் மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு வாழைத்தார் மினி வேன் முந்தியது. அமிர்தா ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கி முன் டயரை ஒரு உதை விட்டாள்.

அன்று சாயங்காலம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, சக்கரவர்த்தி மெதுவாக ஆரம்பித்தான்.

"நாளைக்குத் தேரு. பேசாம மாமா வண்டியிலயே போயிடலாமே? பின்னாடி சீட்டு காலியா இருக்காம்."

"நான் பின்னாடி சீட்டுல உக்காந்து அவரு பேசறதக் கேட்டுகினு வரணுமா?"

"தோத்துட்டா சாவி குடுக்கணுமேம்மா."

"குடுக்கறேன். சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா ஓட்டித்தான் தோப்பேன். உருட்டிக்கினு போனாலும் என் வண்டியிலதான் போவேன். சித்தாமூர் சேர்றதுக்குள்ள தேரு நிலைக்கு வந்துட்டாலும் பரவாயில்லை."

அவன் ஏதோ சொல்ல வந்தவன் மாதிரித் தொண்டையைச் செருமினான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் அமிர்தா எழுந்து வெளியே வந்தாள். கார் முழுக்கப் பட்டறைத் தூசி. தோற்கப் போகிற கார்தான். அழுக்காகத் தோற்க வேண்டாம் என்று தோன்றியது. கழுவ எடுத்துப் போவது எப்போதும் சக்கரவர்த்திதான். அவன் இன்னும் எழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

தெரு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். சக்கரவர்த்தி பனியனோடு வாசலில் ஓடிவந்து, இரண்டு கையையும் ஆட்டி எதையோ கத்திக்கொண்டிருந்தான். போன் அடித்தது. இப்போதும் மாமா வண்டியில் போகலாம் என்றுதான் சொல்லப்போகிறான். அவள் எடுக்கவில்லை.

வாட்டர் சர்வீஸ் நடத்தும் திலகவதி அப்போதுதான் மோட்டாரைப் போட்டிருந்தாள். சிவப்புக் காரைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"வாங்கக்கா. சார் வரலீங்களா இன்னிக்கு?"

"தூங்கினாரு. ஜல்தியா கழுவிக் குடும்மா. சித்தாமூர் போவணும்."

"அவ்வளவு தூரமா? சார் எப்பவும் சொல்வாருக்கா, 'என் சம்சாரம் கெட்டிக்காரி, ஆனா நாம சொன்னா கேக்கமாட்டா, நாமதான் பாத்துக்கணும்'னு. உங்க மேல உசுரு அவருக்கு."

அமிர்தாவுக்கு மனசு இளகியது. பாவம், அவனைத்தான் எத்தனை முறை சும்மா இருக்கச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

திலகவதி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, கையை விட்டு எதையோ தடவிப் பார்த்தாள். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டாள்:

"அக்கா, தீபாவளிக்கு ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒரு ரப்பர் மேட்டு வைக்கச் சொன்னாரு சாரு, அப்புறம் நீங்க பானெட்டுக்குள்ள எதுனா புதுசா மாட்டும்போதெல்லாம் இன்னொண்ணு சேத்து வைக்கச் சொல்வாரு, இப்ப மூணு இருக்குது, தூரமாப் போறீங்களே, நாலாவதும் வச்சிடட்டுமா?"