அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம்

ஆறரைக்கு எழுந்தார். பல் தேய்த்தார். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். எட்டே முக்காலுக்குப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். நடத்தை விதிப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான் எழுத்தர். ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. கீழே மாணவர்கள் கால் இல்லாதவர்கள் போல மிதந்து போனார்கள்.

வெறுப்புப் பேச்சுக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான புது விதிகள் போன வாரம்தான் அமலுக்கு வந்திருந்தன. எழுதியவர் அவரே. அதில் பதினொன்றாவது அவருக்குச் செல்லப்பிள்ளை: 'புகார் சொல்ல வருபவரை அந்த வசைச்சொல்லைத் திரும்பச் சொல்ல விடக்கூடாது.' மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது.

கதவருகே ஒரு பெண் நின்றாள். இரண்டாம் வருடம். கண் வீங்கியிருந்தது.

"சார், ஹாஸ்டல்ல எங்க ரூம்ல, பிறப்பைச் சொல்லி அசிங்கமா ஒரு வார்த்தை..."

"போதும்மா!" எழுத்தர் கையை உயர்த்தினார். "மேல சொல்லாத. விதி இருக்கு."

"இல்ல சார், அந்த வார்த்தையை..."

"தண்ணி குடி. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் ஓவென்று அழுதாள். விதி வேலை செய்கிறது என்று எழுத்தருக்கு உள்ளம் குளிர்ந்தது. புகார்ப் படிவத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை அவரே எழுதினார். விடுதியில் அவள் அறையில் இருப்பது இரண்டே பேர். கூட்டிக் கழித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பரீட்சை. இந்தப் பிள்ளை மனசொடிந்து படிப்பை விட்டுவிட்டால், விதி இருந்தென்ன, நாம் இருந்தென்ன?

செவ்வாய்க்கிழமை அவளை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பதினொன்றாம் விதிக்குப் பயந்து அந்த அம்மாள் ஒரு மணி நேரம் பனியைப் பற்றியே பேசினார். பனி, பனித்துளி, துளிக்குள் வானம். பெண் தூங்கிவிட்டாள். எழுந்து மறுபடி அழுதாள்.

புதன்கிழமை ஒரு பெண் காவலாளியைத் துணைக்குப் போட்டார். காவலாளி குளியலறைக் கதவு வரை கூடவே போய், "பயப்படாத கண்ணு, அக்கா இருக்கேன்" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். ஊரே திரும்பிப் பார்த்தது. பெண் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

எழுத்தருக்குச் சட்டென்று உறைத்தது. வார்த்தையைச் சொன்னவள் இன்னும் அதே அறையில்தானே இருக்கிறாள்! விடுதிக் காப்பாளருக்குப் போன் போட்டார்.

"மேடம், அந்த இன்னொரு பொண்ணை உடனே வேற ரூமுக்கு மாத்துங்க."

"எல்லா ரூமும் ஃபுல் சார். பழைய கட்டில் போட்டு வச்ச ஸ்டோர் ரூம்தான் இருக்கு."

"அவளுக்கு அது போதும்."

அரை மணியில் காப்பாளரே கூப்பிட்டார். "மாத்தியாச்சு. ஒரு வார்த்தை பேசாம பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு சார். முகத்துல ஈயாடல."

"செஞ்சவங்க முகத்துல எப்படி மேடம் ஆடும்?"

அன்று அவர் நன்றாகத் தூங்கினார். கனவில் பதினொன்றாம் விதி வெள்ளைப் பறவையாகிப் பல்கலைக்கழகத்துக்கு மேலே மெதுவாகச் சுற்றியது.

வியாழக்கிழமை பனி அறைக்குள்ளேயே வந்துவிட்டது போலிருந்தது. அதற்குள்ளிருந்து அந்தப் பெண் வந்தாள். காவலாளியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அவள் கண்ணில் ஈரமில்லை.

"இப்ப நிம்மதியாம்மா? அவளைக் கிளப்பியாச்சு. நீ பரீட்சைக்குப் படி."

"சார், நான் பேசணும்."

"வேணாம்மா, பதினொன்றாம் விதி..."

"வார்த்தையைச் சொல்லல சார். யார் சொன்னதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அதுக்கு விதி இருக்கா?"

எழுத்தர் யோசித்தார். இல்லை.

"சொன்னது நான் சார். கேட்டவதான் ஸ்டோர் ரூம்ல இருக்கா."