சாய்மனைக் கதிரையும் பலே வகுப்பும்

நடப்பதில்லை என்று முடிவெடுத்தேன். யார் சொன்னாலும் சரி. டொக்டரே சொன்னாலும் சரி. டொக்டர்தான் சொன்னார் என்பது வேறு விஷயம்.

"சீனி கூடிக் கிடக்கு. பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் நடக்க வேணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அங்கேயே மறந்திருப்பேன். என் மனைவி பிரஷாந்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டார், பாவி மனுசன்.

வேலை முடிந்து கந்தோர் விட்டு வந்து ஹோலில் சாய்மனைக் கதிரையில் விழுந்து, தேத்தண்ணியும் கட்லட்டுமாக டிவி பார்க்கும் அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு உலகத்தில் உள்ள ஒரே சுகம். அதைப் பிடுங்கி, ஊரார் நடக்கப் போகும் கல்லடிப் பாலத்தில் விடச் சொல்கிறார்கள்!

"நடக்க ஏலாட்டி வேற என்னவும் செய்ங்க" என்றாள் பிரஷாந்தி. "ஆனா செய்யத்தான் வேணும்."

சொன்னவள் தன் போனைக் கதிரைக் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் வயதும் என் வயிறும் உள்ள ஒரு வெள்ளைக்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் விரலில் எழும்பி நின்றார். பலே என்ற மேல்நாட்டு நடனமாம், பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பாம். உடம்புக்கு நல்லதாம்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மட்டக்களப்பில் இறால் கிடைக்கும், எருமைத் தயிர் கிடைக்கும். பலே எங்கே கிடைக்கும்?

"நான் செய்தா பலேதான் செய்வன்!"

அவள் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சத்தியமா?"

"சத்தியமா. வகுப்பு எங்க இரிக்கெண்டு காட்டு. அண்டைக்கே சேருறன்."

"மறுகா கதை மாத்தப்படாது."

"மாத்துறதா? நானா?"

நானும் தேடுவதுபோல் ஒரு நாடகம் போட்டேன். வாழைச்சேனையில் ஜிம் வைத்திருக்கும் என் கூட்டாளி ஜெயந்தனுக்கு, அவள் காதில் விழக் கோல் எடுத்து, பலே வகுப்பு உண்டா என்று கேட்டேன். "மச்சான், சீனி தலைக்கு ஏறிட்டுதா?" என்று கேட்டான். எனக்குப் பரம திருப்தி. அன்று இரண்டு கட்லட் கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த கிழமை பிரஷாந்தி வந்து நின்றாள்.

"இஞ்சேருங்க, டீச்சர் கிடைச்சிட்டா. தக்ஷாயினி எண்டு ஒரு புள்ள. கொழும்பில பலே படிப்பிச்சதாம். கலியாணம் முடிச்சு நம்மட ரோட்டுக்குத்தான் வந்திரிக்கு."

தேத்தண்ணி புரைக்கேறியது. "வகுப்பு எங்க நடக்குது?"

"அதுதான் பிரச்சின. இடமில்லையாம். பெரிய ஹோல் வேணுமாம்."

போன உயிர் திரும்பி வந்தது. "ஐயோ பாவம்! ஹோல் இல்லாம என்னெண்டு நடத்துற?"

"நம்மட ஹோல் இரிக்கே."

"எண்ட வீட்டில டான்ஸா? நான் விடமாட்டன்!"

"ஆர்ட வீட்டில?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை என்பவர் உடுப்புப் பையோடு வந்து ஏறுபவர். இத்தனை வருடம் ஹோலில் கால் நீட்டிக் கிடந்ததில் எனக்கு அது அடியோடு மறந்து போயிருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கதிரைகூட மாமனார் செய்வித்தது.

திங்கட்கிழமை கந்தோர் விட்டு வந்தால், கதிரை பின்வளவில் கோழிகளோடு நிற்கிறது. ஹோல் சுவரோரம் நீளமாக ஒரு கம்பி பூட்டியிருக்கிறது. வாசல் நிறையச் செருப்பு.

சத்தியம் சத்தியம்தானே. பழைய காற்சட்டை ஒன்றை மாட்டி, வயிற்றை எக்கிப் பிடித்து, வீரனாக ஹோலுக்குள் கால் வைக்கப் போனேன். பிரஷாந்தி கதவை மறித்தாள்.

"நீங்க எங்க வாறீங்க?"

"வகுப்புக்கு!"

"இது பொம்புளையளுக்கு மட்டும். காத்தான்குடியில இருந்து எண்ட கூட்டாளி நஸீறாவும் ஆக்களும் வந்திரிக்காங்க. ஆம்புளையள் வீட்டுக்குள்ள நிக்க ஏலா."

"அப்ப நான் சேரத் தேவையில்லயா?"

"தேவையில்ல."

சந்தோசம் தாங்கவில்லை. "அப்ப பின்வளவில இரிக்கட்டா?"

"ஜன்னலெல்லாம் அந்தப் பக்கந்தான். கேற்றுக்கு வெளியில போங்க. ஒரு மணித்தியாலம்தானே."

கேற்றைப் பூட்டிவிட்டாள். ரோட்டில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். கால் போன பக்கம் போனேன். கால் பாலத்துக்குத்தான் போனது.

நடுப்பாலத்தில் மூச்சு வாங்க நின்று, வாவியைப் பார்த்தபடி யோசித்தேன். பலே கேட்டவன் நான். சத்தியம் பண்ணினவன் நான். வகுப்பிலிருந்து தப்பினவனும் நான். அப்படியென்றால் வென்றவன் நான்தானே? பிறகேன் இப்படி வேர்க்கிறது? அந்தப் போனை அவள் ஏன் என் கதிரையில் வைத்துவிட்டுப் போனாள்? தலை சுற்றியது.

போன் அடித்தது. பிரஷாந்தி.

"பாலத்துக்கு வந்திட்டீங்களா?"

"ஓம்... உனக்கு என்னெண்டு தெரியும்?"

"மறுகா என்ன, அங்கால கரையையும் தொட்டுட்டுத் திரும்புங்க. டொக்டர் சொன்ன மணித்தியாலம் இன்னும் முடியல்ல."