இரண்டாம் பதிப்பு

மடிக்கணினியில் ஏழு சதவீதம்தான் மிச்சம். ஐந்து மணிக்குள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் இன்னும் பதினோரு திருத்தங்கள் பாக்கி. மனைவி கார் ஓட்ட, பின் சீட்டில் எழுத்தாளர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"லேப்டாப், போன், ஃபேன் எல்லாத்தையும் ஒரே இன்வெர்ட்டர்ல சொருகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"தாங்கும். எனக்குத் தெரியாதா?"

படக்கென்று ஒரு சத்தம். இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. அதைச் சொருகியிருந்த காரின் சார்ஜர் சாக்கெட்டுக்கான ஃபியூஸ் போய்விட்டது.

"ஓரமா நிறுத்து. நேரா பேட்டரியிலேயே மாட்டிடுறேன்."

பானெட்டைத் திறந்து, இன்வெர்ட்டரின் கிளிப்புகளைப் பேட்டரியில் கவ்வவிட்டார். ஒயரை ஜன்னல் வழியே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எஞ்சின் ஓடட்டுமா?"

"அந்த இரைச்சல்ல எனக்கு எழுத்தே வராது. ஆஃப் பண்ணு."

அரை மணி நேரம் விரல்கள் பறந்தன. திடீரென்று இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"ஏங்க, அது என்னமோ சொல்லுதுங்க."

"அது சும்மா கத்தும்." இறங்கிப் போய் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வந்தார்.

கத்தல் அடங்கியது. அப்பாடா என்று சாய்ந்தார். அடக்கியது துண்டு இல்லை. பேட்டரி மொத்தமாக உயிரை விட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மனைவி பொத்தானை அழுத்தினாள்; ஜன்னல் கண்ணாடி அசையவில்லை. சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

"இப்ப திருப்தியா?" என்றவள், எதிரே தெரிந்த மெக்கானிக் கடையை நோக்கி நனைந்துகொண்டே ஓடினாள்.

எழுத்தாளர் ஒரு கையால் குடையை விரித்து ஜன்னலை மறைத்தபடி, மறு கையால் திருத்தினார். பதிப்பாளர் போனில் வந்தார்.

"சார், மெஷின் ரெடியா நிக்குது. அனுப்பிட்டீங்களா?"

"இதோ, அனுப்பிக்கிட்டே…" போன் செத்தது.

போன் இல்லாமல் இணையம் ஏது? கணினியிலிருந்தே போனுக்குச் சார்ஜ் ஏற்றினார். போனில் ஒன்று ஏறினால் கணினியில் மூன்று இறங்கியது. அரை மணி நேரத்தில் ஏறியிருந்ததெல்லாம் கரைந்து, நான்கு ஐம்பதுக்குக் கணினியில் நான்கு சதவீதம்.

நல்லவேளையாக மனைவி மெக்கானிக்கோடு வந்து சேர்ந்தாள். வேறொரு பேட்டரியை வைத்துக் கேபிள் கொடுத்ததும் எஞ்சின் உறுமியது. எழுத்தாளர் அவசரமாகக் கோப்பைத் தேடினார்.

கையைத் துடைத்தபடி ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்த மெக்கானிக், திரையில் இருந்த தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'கார் பேட்டரியிலிருந்து லேப்டாப்புக்குக் கரண்ட்: நீங்களே செய்யலாம்'…" அவர் முகம் மலர்ந்தது. "சார், அது நீங்கதானா! முதல் பதிப்பு வந்ததுலேருந்து வாரத்துக்கு நாலு வண்டி என் கடைக்கு வருது. சீக்கிரம் அனுப்புங்க சார்!"