காயாத மாடு

உலகமே திரண்டு வந்தாலும் ஜன்னலோர அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். திரண்டு வந்தது உலகம் அல்ல, என் மச்சான். போன தடவை பத்து நாள் என்று வந்து மூன்று மாதம் தங்கியவன்.

அந்த அறையில்தான் நான் எண்ணெய் வண்ணத்தில் படம் தீட்டுகிறேன். ஒரு மலை, ஒரு ஆறு, கரையில் ஒரு மாடு.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான். மாட்டை வேற எடத்துல கட்டுங்க" என்றாள் மனைவி.

"இது எண்ணெய் வண்ணம். ஈரம் காயற வரைக்கும் அசைக்கக் கூடாது."

"எப்ப காயும்?"

"அது மாடு மனசு வைக்கணும்."

விரலால் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. அடுப்படித் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெற்றி.

ஒட்டாமல் என்ன செய்யும்? தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் மாட்டின் வயிற்றில் ஒரு அப்பு அப்பிவிடுவேன். எனக்கும் மச்சானுக்கும் நடுவே அந்த வயிறுதான் கோட்டைச் சுவர்.

ஆனால் மாடு பெருத்தது. நான் அப்பியதைவிட அதிகமாகவே பெருத்தது. கை தேறிவிட்டால் இப்படித்தான் படத்துக்கு உயிர் வரும்போல என்று எனக்குள் ஒரே பெருமை.

வியாழக்கிழமை அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது சினையா?"

"அது நிழல்."

"நிழலுக்கு எத்தனை மாசம்?"

நான் அசரவில்லை. வெள்ளி ஒரு அப்பு. சனி ஒரு அப்பு.

ஞாயிறு மச்சான் வந்து இறங்கினான். இரண்டு பெட்டி, ஒரு தலையணை.

"காஞ்சுதாங்க?" என்றாள்.

"எங்க காயுது?" என்றேன், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

"அதனால என்ன. அந்த அறை வெயிலு தம்பிக்கு ஆகவும் ஆகாது. அவன் உங்க கட்டில்ல படுத்துக்கட்டும். நான் பாப்பாகூடப் படுத்துக்கறேன். ஈரப் படத்தைத் தனியா விட்டா பூனை உரசிடும், நீங்க மாட்டுக்குக் காவலா பாயைப் போட்டுக்குங்க."

என் கட்டில். என் மின்விசிறி. டர்பன்டைன் நெடியில் நானும் மாடுமா? கோட்டைக் கதவை நானே திறந்தேன்.

"வேணாம், வேணாம். தம்பியே அந்த அறையில இருக்கட்டும். இனிமே நான் கை வைக்கலைன்னா ரெண்டு நாள்ல காஞ்சு..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பாயை என் கையில் கொடுத்தாள்.

"எப்படிக் காயும்? காலையில நீங்க அப்பறீங்க, சாயங்காலம் நான் அப்பறேன். வாயில்லா ஜீவனுக்கு ரெண்டு வேளை தீனி வேணாமா?"