சுதந்திர தேவியின் மேலாடை குறித்து

ஹார்லன் கிரீக், ஒஹாயோ
ஞாயிறு மாலை

ஹார்லன் கிரீக் நாணயக் கழகச் செய்தி மடலின் ஆசிரியரும், ஆண்டுக் கண்காட்சியின் தலைமை நடுவரும், தரம் பார்க்கும் மேசையின் நடு நாற்காலிக்கு உரியவருமான திரு. ஆர்வில் டாக்கெட் அவர்களுக்கு,

மரியாதையுடன் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். திருமதி டாக்கெட்டையும் உங்கள் பூனையையும் விசாரித்ததாகச் சொல்லவும். நான் மார்லீன் ஸ்டாங்கோ. கூட்டங்களில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காருபவள். உறுப்பினராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் நீங்கள் என்னிடம் பேசியது "காபி தீந்துபோச்சும்மா" என்பது மட்டும்தான் என்பதால் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுந்து நின்று பேச எனக்கு வராது. நேற்று பேச வேண்டிய இடத்தில் பேசாமல் ரொட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேச்சைத்தான் இப்போது எழுதுகிறேன். அடுத்த மடலில் அச்சிட வேண்டுகிறேன்.

கண்காட்சியில் முதல் பரிசு வாங்குபவருக்கு அடுத்த வருடம் தரம் பார்க்கும் மேசையில் ஒரு நாற்காலி என்பது நம் கழக வழக்கம். எனக்குப் பரிசு நாடாவில் ஆசையில்லை. அந்த நாற்காலியில்தான் ஆசை. உலகத்திலேயே வாயைத் திறக்காமல் மதிப்போடு உட்காரக்கூடிய ஒரே நாற்காலி அதுதான். காசை விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டும், சீட்டில் தரத்தை எழுத வேண்டும், பக்கத்தில் தள்ள வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன நாளிலிருந்து போன நூற்றாண்டின் வெள்ளிக் காசுகளில் வடிவத்துக்கு ஒன்று வீதம் சேர்த்தேன். ஒரு காசைக்கூட விரலால் தொட்டதில்லை. 1917ஆம் வருடத்துக் கால் டாலர்கள் இரண்டும் ஒரு பழைய நீல அட்டை மடிப்பில், முதல் வகை, இரண்டாம் வகை என்று அச்சிட்ட துளைகளுக்குள் பதிந்தபடியே கிடைத்தன. பிதுக்கி எடுத்தால் விளிம்பு உரசும் என்று அட்டையோடு சேர்த்தே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்த இரண்டில் ஒன்றால்தான் எல்லாம் வந்தது. அந்த வருடத்தில் முதலில் அடித்த காசில் சுதந்திர தேவி ஒரு பக்க மார்பை மூடாமல் நிற்பாள், பிறகு அடித்ததில் கழுத்துவரை கவசம் போட்டிருப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியாது. நம் கழகம் வாடகை மிச்சம் என்று மாதா கோயில் கூடத்தில் கண்காட்சி வைக்கிறது. கோயிலின் பெண்கள் சங்கத்துக்காக அங்கே முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய ஹாலுப்கியும் பன்றிக்கறி ரொட்டியும் விற்பது என் அம்மா ஐரீன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பெட்டியை அடுக்கி, அந்தக் காசுக்கு மேலே ஒரு பூதக்கண்ணாடியும் வைத்து, கீழே சீட்டில் "முதல் வகை. தேவி மார்பை மறைக்காமல் நிற்கும் அரிய வடிவம்" என்று அழகாக எழுதி வைத்துவிட்டு, காரில் மறந்துவிட்ட விளக்கை எடுக்கப் போனேன். அதற்குள் அம்மா அந்தச் சீட்டைப் படித்துவிட்டார். காலையில் பாதர் டோலன் வந்து கண்காட்சியைத் திறந்து வைப்பார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. பெட்டி இன்னும் பூட்டவில்லை. கூடச் சமைக்க வந்திருந்த டாலி சித்தியின் கைப்பையில் வெள்ளி நிற நெயில் பாலிஷ் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

காலையில் நீங்கள் மூவரும் என் பெட்டிக்கு வந்தீர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற திரு. வால்ட் பர்டி, மெத்தைக் கடை திரு. கஸ் ஹான்லன், நீங்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் தட்டோடு நின்றேன். நீங்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், மறுக்க முடிந்தால் மறுக்கவும்.

"ஆர்வில், இங்க வந்து பாரு. இந்தப் பொண்ணு முதல் வகைன்னு எழுதி வச்சிருக்கா. தேவி மேல கவசம் பளபளன்னு மின்னுது" என்றார் வால்ட்.

"அதை விடுய்யா, நெஞ்சைப் பாரு! துளி தேய்மானம் இல்ல. நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார் கஸ்.

"முழங்கால் மழுங்கிக் கெடக்கே?" என்று நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள்.

"முழங்கால் எல்லாருக்கும்தான்யா போகுது. உனக்குப் போகலையா?"

மூவரும் சிரித்தீர்கள். நெயில் பாலிஷுக்கு, ஐயா, கடையில் ஒரு டாலர் பெறாத நெயில் பாலிஷுக்கு, "கிட்டத்தட்டப் புழங்காதது" என்று தரம் எழுதினீர்கள்! முழங்கால் தேய்ந்த காசில் நெஞ்சு மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும் என்று மூன்று நடுவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதோடு விட்டீர்களா? இரண்டு துளையிலும் இரண்டாம் வகையே இருக்கிறது, முதல் வகை இல்லை, தொகுப்பு முழுமையில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள். நான் கேட்கிறேன், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? கழுகுக்குக் கீழே மூன்று நட்சத்திரம் இருந்தால் இரண்டாம் வகை, இல்லாவிட்டால் முதல் வகை. போன வாரம் சேர்ந்த உறுப்பினருக்கும் இது தெரியும். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் நான் திறந்திருக்க மாட்டேனா? ஒரு காசைத் திருப்பிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு நடுவர் என்று பெயர் எதற்கு?

முதல் பரிசு யாருக்குப் போனது? பல் டாக்டர் ட்வைட் பென்ரோஸுக்கு. அவருடைய அரை டாலர்கள் ஒவ்வொன்றும் கழுவித் தேய்த்து மதிப்புக் கெட்டவை. விளக்கைச் சாய்த்தால் துடைத்த கோடு மயிரிழை மயிரிழையாகத் தெரிகிறது. நோயாளியின் வாயில் செய்வதையே காசிலும் செய்திருக்கிறார். "என்ன பளபளப்பு, என்ன பளபளப்பு" என்று நீங்கள் கைகொடுத்தபோது என் தட்டிலிருந்து ஒரு ரொட்டி கீழே விழுந்தது. அதுதான் என் கண்டனம். நீங்கள் கவனிக்கவில்லை.

நான் பேசவில்லை என்றாலும் அம்மா பேசினார். கரண்டியோடு நேரே வந்து நின்றதை நீங்கள் மறந்திருக்க முடியாது. "யாரு எம் பொண்ணு எழுதினது தப்புன்னு சொன்னது? எங்க குடும்பத்துலயே காலேஜ் முடிச்ச மொத ஆளு அவ. அவ மார்பு தெரியுதுன்னு எழுதினா தெரியத்தான் செய்யும்! நான்தான்யா மூடினேன்!"

பாதர் டோலன் வாயில் ஹாலுப்கியோடு அப்படியே நின்றார். அப்போது நீங்கள் செய்தது என்ன? "ஓ, அப்படியா, மன்னிக்கணும்" என்று சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினீர்களா? இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ இது மேற்பரப்பு கெட்டுப்போன காசு. போட்டியிலேயே சேராது" என்றீர்கள். மறைந்திருந்தபோது சீட்டு தப்பு. வெளியே வந்ததும் காசு தப்பு. எப்படிப் பார்த்தாலும் நான் தப்பு. இது என்ன நியாயம்?

காரில் அம்மாவோடும் சண்டை போட்டேன். "ஏம்மா, அது எத்தனை வருஷத்துக் காசு தெரியுமா? அதுல போயி நெயில் பாலிஷ் அடிப்பியா?" என்றேன். "எனக்கு என்னடி தெரியும், படிக்கிற கண்ணாடியக்கூட வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். உன் கொட்டை எழுத்து மட்டுந்தான் தெரிஞ்சுது. நீதானே எழுதியிருந்தே, மறைக்காம நிக்கறான்னு. பாதர் குனிஞ்சு பாக்குற எடத்துல பொம்பளப் புள்ள அப்படி நின்னா நல்லாவா இருக்கு?" என்றார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, நடுவர்கள் மூவருக்கும் இனிமேல் தன் கையால் ஹாலுப்கி கிடையாது என்று பெண்கள் சங்கத் தலைவிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதை நான் தடுக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான். நெயில் பாலிஷைச் சுத்தமான அசிட்டோன் கரைத்துவிடும், வெள்ளியைத் தொடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். வாசனை எண்ணெய் கலந்த நெயில் பாலிஷ் நீக்கி வேண்டாம் என்று இரும்புக்கடையில் ஒரு டப்பா அசிட்டோன் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் காசை அட்டையிலிருந்து முதல் முறையாக வெளியே எடுத்து, ஊறவைத்துச் சுத்தப்படுத்தி, சாட்சியாக இதோடு அனுப்புகிறேன். அதைப் பார்த்துவிட்டு என் தொகுப்பு முழுமையானது என்று மடலில் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். என் அம்மாவிடம் மூவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு நாற்காலி வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். அம்மாவும் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொல்லியிருப்பார், கோபமில்லாமல் இருந்திருந்தால்.

கண்டனத்துடன்,
மார்லீன் ஸ்டாங்கோ

பி.கு. அசிட்டோனில் ஊறியது. பாலிஷ் சுத்தமாகப் போய்விட்டது. காசைத் துணியில் கவிழ்த்து உலர வைத்தேன். கழுகுக்குக் கீழே மூன்று நட்சத்திரம் இருக்கிறது.

விளக்கை மாற்றிப் பார்த்தேன். மூன்றும் அங்கேயேதான் இருக்கின்றன. மறுபக்கம் திருப்பி தேவியின் நெஞ்சை விளக்கில் சாய்த்தால், மழுங்கிப்போன கவசத்தின் வளையங்கள் ஓரத்தில் இலேசாகத் தெரிகின்றன. அவள் முதலிலிருந்தே உடுத்தித்தான் நின்றிருக்கிறாள். யாரோ எந்தக் காலத்திலோ தப்பான துளையில் அழுத்தி வைத்ததை, தொட்டால் தேயும் என்று நானும் இத்தனை நாள் திருப்பவே இல்லை.

கடிதத்தைக் கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். வாழ்நாளில் இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை, மனம் வரவில்லை. அனுப்புகிறேன், அச்சிட வேண்டாம். பல் டாக்டரைப் பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை. அம்மாவிடம் நட்சத்திரங்களைப் பற்றி நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். சொல்லாமல் இருந்தால், உங்கள் மூவரின் ஹாலுப்கிக்கு நான் பொறுப்பு.

என் தொகுப்பில் ஒரு துளை காலியாக இருக்கிறது. உங்களிடம் முதல் வகை ஒன்று கூடுதலாக இருந்தால் விலை சொல்லவும். கையில் கொடுக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிக் கொடுக்கவும்.