பேயாண்டியின் நடுநிலை

இரண்டு டீயும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வந்துவிட்டன. ஒன்று, செருப்புக்கடை பாதுஷா வாங்கி அனுப்பியது. இன்னொன்று, அவருடைய தம்பி பாத்திரக்கடை அப்துல் ரசாக் அனுப்பியது. காளவாசலில் அடுத்தடுத்த கடைகள். நாலு நாளாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

இரு கடைகளுக்கும் முன்னால் நடைபாதையில் மேஜை போட்டு, செல்போன்களுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறவர் பேயாண்டி. யாருக்கும் குறை வரக் கூடாதென்று இந்த டீயில் ஒரு வாய், அந்த டீயில் ஒரு வாய் எனக் குடித்து முடித்தார்.

"ஏண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் கேக்குறதுல என்ன தப்பு?" என்று பாதுஷா ஆரம்பித்தார்.

பேயாண்டி காதைப் பொத்திக்கொண்டார். "விஷயத்தச் சொல்லாதீங்க பாய். கேட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும். நான் நடுநிலை."

ரசாக் வந்தபோதும் அதே பதில்தான்.

மூன்றே நாளில் நெஞ்செரிச்சல் வந்தது. இரண்டு டீயும் வேண்டாமென்றார். இரண்டு முகங்களும் சுருங்கிப்போயின.

"டீ வேணாம், சரி. நிழலு மட்டும் அண்ணன் கடை நிழலு வேணுமாக்கும்?" என்றார் ரசாக்.

உண்மைதான். மேஜை பாதுஷா கடைத் தகரக் கூரையின் கீழ் ஒரு முழம் உள்ளே தள்ளிக் கிடந்தது. பேயாண்டி இஞ்ச் டேப் வாங்கிவந்து அளந்து, மேஜையைச் சரியான நடுவில் போட்டார். அங்கே இரண்டு தகரமும் எட்டவில்லை. சித்திரை வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கியது.

ஒட்டிய கண்ணாடியெல்லாம் கொப்புளம் விட்டது. கல்லூரிப் பெண் ஒருத்தி தன் போனைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, இதுல தோசை ஊத்தலாம் போலயே" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

சோறு கொண்டுவந்த மனைவி முத்துமீனா திகைத்து நின்றாள். "இம்புட்டுக் கருத்துப் போயிட்டீங்க. நிழல்ல உக்காந்தா என்ன?"

"எந்த நிழல்ல? சிக்கலே அதுலதான இருக்கு."

மறுநாள் அண்ணன் தம்பிகளின் அக்கா ஜெயினம்பு வந்தார். "சண்டை தீந்துருச்சுண்ணே. ரெண்டு பேருமே விட்டுட்டாங்க. கடைக்குள்ள ஒதுக்கி வச்சிருந்த எடத்த, ஒருத்தன் ஜூஸ்காரருக்கு விட்டுட்டான், ஒருத்தன் பூக்காரம்மாவுக்கு விட்டுட்டான்."

பேயாண்டி முகத்து வியர்வையைப் பெருமையோடு துடைத்தார். "நான் எந்தப் பக்கமும் சாயாம நின்னதுல வந்த சமாதானம்மா இது. ஆமா, சண்டை என்னத்துக்காம்?"

"நீங்க தெருவுல கெடக்கீங்களேன்னு, உங்கள யாரு கடைக்குள்ள உக்கார வைக்கிறதுன்னுதாண்ணே."