புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எந்த ர, எந்த ற என்று யோசித்து முடிப்பதற்குள் பேனா முனை காய்ந்துவிடும். கையெழுத்து, ஓடுகிற பஸ்ஸில் எழுதியது போல இருக்கும். (நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.) வாயால் சொல்லலாமென்றால், நாலு பேரைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஏழு வருடத்துக்கு முன்பு நான் தம்பானூரில் ஒரு சைவ ஓட்டலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் தண்ணீரில் ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. "கையை ஈரமில்லாம வச்சுக்கோ. இல்லேன்னா நகம் ஒவ்வொண்ணாப் போகும்" என்றார் டாக்டர். பாத்திரம் தேய்ப்பவன் கையை எந்தக் கொடியில் காயப்போடுவது?

அந்தச் சமயத்தில் என் மாமனார் காலமானார். பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் காவலாளி. தோட்டத்துத் துரை ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு அவரிடம் இருந்தது. "லண்டன் சாமானாக்கும்" என்பார். அவருக்கு ஒரே மகள், என் மனைவி தங்கம். துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்போது பக்கத்து நகைக்கடையில், சொந்தத் துப்பாக்கியோடு வாசலில் நிற்க ஆள் தேடினார்கள். பேசாமல் நிற்பதுதான் வேலை. அது எனக்குப் பிறவியிலேயே வரும். கையும் நாள் முழுக்கக் காய்ந்தே இருக்கும். "துப்பாக்கி நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வா, வேலை உனக்குத்தான்" என்றார் மேனேஜர். போலீஸ் ஸ்டேஷனிலும், லைசென்ஸ் பெயர் மாறும்வரை அதைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

ஆனால் அழுக்குச் சாமானை யார் முன்னும் வைத்துப் பழக்கமில்லாத கை இது. குழல் முழுக்கப் புளியை அப்பி ஊறவிட்டு, மடியில் போட்டு மூன்று மணி நேரம் தேய்த்தேன்.

"என்ன செய்யுதீய? அது என்ன வெண்கல உருளியா?" என்றாள் தங்கம்.

"இரும்புதானே பிள்ளே. துலக்கினா மின்னும்."

மின்னவில்லை. கழுவிப் பார்த்தால், குழலைச் சுற்றி மலைப்பாம்புத் தோல் போல வரி வரியாக ஏதோ கிளம்பியிருந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பயந்துபோய்த் தேங்காய் எண்ணெய் பூசி, போர்வையில் சுற்றி, ஆட்டோவில் ஏறினேன்.

"எந்தா அண்ணா, கிட்டாரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமா" என்றேன். (கூச்சத்தில் யார் எதைக் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன்.) வழி முழுக்கக் குழல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தது.

துப்பாக்கிக் கடையை நடத்தியவர் லீலாம்மா. நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். கணவர் போன பிறகு கடையையும் பழுதுபார்க்கும் வேலையையும் தானே எடுத்துச் செய்தவர். நான் போர்வையை விரித்தபோது குழல் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவர் கத்தவில்லை. ஒரே விரலால் அதைச் சுவர்ப்பக்கம் தள்ளினார்.

"அண்ணா, திறந்து நோக்கியோ?"

"திறக்க வரல சேச்சி."

இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் மெதுவாக நாலு தட்டு தட்டினார். துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்தது. வலது குழலிலிருந்து பச்சை பூத்த தோட்டா ஒன்றை இழுத்து மேசைமேல் வைத்தார்.

"தேய்க்கும்போ குழலோட வாய் எந்தப் பக்கம் இருந்தது?"

நான் என் மோவாயைத் தொட்டுக் காட்டினேன். லீலாம்மா முதலில் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு அவர் வேலை செய்ததை இன்றைக்கும் கண்ணில் வைத்திருக்கிறேன். குழலைத் தனியே கழற்றி, அடியில் இருந்த கடுகளவு முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "லண்டன் இல்ல அண்ணா, பெல்ஜியம்." என் மாமனாரின் ஆயுள்காலப் பெருமை அத்தோடு தீர்ந்தது. "இரும்பும் உருக்கும் சேர்த்து முறுக்கி, கயிறு சுத்துற மாதிரி சுத்தி, அடிச்சு ஒட்டின குழல். பண்டு காலத்துக் கருப்பு வெடிமருந்துக்கு உள்ளது. இப்பத்த தோட்டா போட்டா பிளந்துபோவும். ஆமா, இந்த வரி இத்தனை தெளிவா எப்படி வந்தது? நான் ஆசிட் வச்சாலும் வராதே?"

"புளி சேச்சி."

லீலாம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

வெளிச்சத்தில் பிடித்துக் குழலின் உள்ளே காட்டினார். அம்மைத் தழும்பு போலத் துரு தின்ற குழிகள். கடைசியாகக் குழலை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினார். நல்ல குழலென்றால் மணி போல ஒலிக்குமாம். இது 'தொப்' என்றது. கீறல் விழுந்த வெண்கலப் பாத்திரத்தின் சத்தம். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம். நகைக்கடை வேலை போய்விட்டதென்று அவர் சொல்லுமுன்பே என் காது சொல்லிவிட்டது.

ஆனாலும் கேட்டேன். வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். "வெடிக்க வேண்டாம் சேச்சி. சும்மா பிடிச்சிட்டு நிக்கத்தான். நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும்." என் இரண்டு கையையும் மேசைமேல் விரித்துக் காட்டினேன்.

லீலாம்மா அந்தப் புண்களைப் பார்த்தார். "ஒரு நாள் கள்ளன் வருவான். நீங்க பயந்து வெடிப்பீங்க. புண்ணானாலும் கை இப்போ உடம்புல இருக்குல்லோ? நான் எழுதினா அது இருக்காது." துப்பாக்கியைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, 'சுடத் தகுதியற்றது' என்று ரசீதில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தார். அப்படி ஒரு 'முடியாது' எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் திரும்பவும் பாத்திரத் தொட்டி. ஆனால் தங்கம் ஓட்டல் சமையல்காரர் மனைவியிடம் சொல்ல, மதியத்துக்குள் கல்லாவரைக்கும் கதை போய்விட்டது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தோட்டா போட்ட துப்பாக்கியை மடியில வச்சு மூணு மணி நேரம் தேச்சவன்! இவன் எந்த அடுப்புக்குப் பயப்படுவான்? தோசைக்கல்லுல நிப்பாட்டு." ஆறு மாதத்தில் விரலிடுக்கெல்லாம் ஆறிவிட்டது. அன்றிலிருந்து சப்ளையர்கள், "தோட்டா அண்ணா, ரெண்டு நெய்ரோஸ்ட்!" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் மகள் கல்யாணத்துக்கு ஓட்டல் பையன்கள் மண்டபத்து வாசலில் துணி பேனர் கட்டினார்கள்: 'தோட்டா அண்ணன் இல்லத் திருமணம்.' சம்பந்தி மெதுவாக என் பக்கம் வந்து, "முன்ன மிலிட்டரியிலயா இருந்தீய?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது சம்பந்தி வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது துப்பாக்கி வெடிக்கிறது, ஆட்டோ கவிழ்கிறது, லீலாம்மா ஓடுகிறார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. லீலாம்மா ஓடவும் இல்லை. இந்த இரண்டையும் நான்தான் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதினேன்.

2003 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.